முதலாம் வருடக் கோலியும் என் காலடி மண்ணும்

பெப்ரவரி மாதத்து மெல்பேணில் வடக்கிலிருந்து ஒரு காற்று வரும். போறணை அடுப்பின் வாசலைத் திறந்து வைத்து யாரோ விசிறுவது போன்ற காற்று. அது அடிக்கும் நாளாகப் பார்த்துத்தான் எங்கள் கோச் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வார். உதைபந்தாட்டப் பருவம் தொடங்குவது ஏப்ரலில். ஆனால் உடம்பை முறிப்பதைக் கோடையிலேயே தொடங்கிவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இருபது வயதுப் பெடியன்கள் முன்னால் ஓடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் புழுதி ஓடும். புழுதிக்குப் பின்னால் நான் ஓடுவேன்.

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பல்கலைக்கழகக் கழகத்தின் இரண்டாவது அணிக்கு நான்தான் கோலி, கோல் காப்பவன். மாணவர்களின் அணியில் இந்தக் கிழவனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் ஆய்வுகூடத்தில் நான் வேலை செய்தேன். அங்கு வேலை செய்பவர்களும் கழகத்தில் சேரலாம். எழுபதுகளில் மெல்பேண் மாணவர்கள் ஓவல் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்குத்தான் ஃபுட்போல் என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் உருண்டைப் பந்து வெளிநாட்டுக்காரரின் விளையாட்டு. ஆகவே ஆள் பஞ்சம். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்குக் கோல் காத்தவன் நான் என்று ஒருநாள் தேநீர் வேளையில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமையே கம்பங்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டார்கள்.

பிறகு அந்த இடத்தை விட எனக்கு மனம் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த நாட்டில் நான் சொல்வதை மற்றவர்கள் கேட்கும் இடம் அது ஒன்றுதான். ஆய்வுகூடத்தில் நான் ஒரு விஷயத்தை மூன்று தரம் சொன்னால், மேலதிகாரி புருவத்தை உயர்த்தி நான்காம் தரம் சொல்லச் சொல்வார். வீட்டில் நிலைமை அதைவிட மோசம். ஆனால் கோலுக்குள் நின்று நான் "வெளியே!" என்று கத்தினால், பனைமரம் மாதிரி வளர்ந்த நான்கு வெள்ளைக்காரப் பெடியன்கள் ஒரே நேரத்தில் வெளியே ஓடுவார்கள். "இடது!" என்றால் இடது. ஏன், எதற்கு என்ற கேள்வியே கிடையாது. வாரம் முழுக்கத் தொண்டைக்குள் கிடந்த குரல் சனிக்கிழமை பின்னேரம் வெளியே வந்து உலாவிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும்.

அந்தக் கோடையில் முதலாம் வருட மாணவர்கள் சிலர் பயிற்சிக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவன் எங்கள் பெடியன். கோபர்க் என்ற புறநகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர்களின் ஒரே மகன். அன்றைக்கு அந்தப் பக்கத்தில் தமிழ்க் குடும்பம் என்றால் அவர்களும் நாங்களும்தான். அவனுடைய தாய் என்னை அண்ணை என்பாள். அவன் என்னை அங்கிள் என்பான். பதினொரு வயதில் வந்த பிள்ளை. தமிழ் நன்றாக விளங்கும், ஆனால் கதைக்கத் தொடங்கினால் பாதி வழியில் ஆங்கிலத்துக்குள் இறங்கிவிடுவான்.

"அங்கிள், நானும் கோலிதான்," என்றான்.

"வா வா. எனக்கும் மூச்சு விட ஒரு ஆள் வேணும்," என்றேன் பெரிய மனதோடு.

அந்தப் பெரிய மனம் கால் மணித்தியாலம்கூட நிலைக்கவில்லை. கோச் அவனைக் கம்பங்களுக்கு நடுவில் நிறுத்தி மூலைக்கு ஒரு பந்தை அடித்தார். நான் என்றால் அந்தப் பந்துக்குக் கை காட்டி வழியனுப்பி வைத்திருப்பேன். அவன் பக்கவாட்டில் பறந்தான். விழுந்தபோது பந்து அவன் நெஞ்சில் கிடந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே என் வயிற்றுக்குள் யாரோ தேங்காய் துருவத் தொடங்கினார்கள். வாய் காய்ந்துபோய்விட்டது. குழாயடிக்குப் போய்க் குடித்தேன், குடித்தேன், குடித்துக்கொண்டே நின்றேன். பாலைவனம் தாண்டப் போகிறாயா என்று கோச் கேட்டார்.

அடுத்த ஒரு மாதம் நான் செய்த கூத்துகளை எங்கள் வீட்டுப் பின்வளவு அறியும். அங்கே குடை மாதிரி விரிந்து சுழலும் உடுப்புக்கொடி ஒன்று நின்றது. அதில் தொங்கினால் கை நீளும் என்று எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. விடியற்காலையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தொங்குவேன். காற்று வந்தால் கொடி சுழலும். நானும் சேர்ந்து சுழல்வேன்.

"இஞ்சருங்கோ," என்று மனைவி குசினி யன்னலால் கூப்பிட்டாள். "உது உடுப்புக் காயப்போடுறதுக்கு. ஆளைக் காயப்போடுறதுக்கில்லை."

"நீர் சும்மா இரும். இது ஒரு பயிற்சி."

"பக்கத்து வீட்டு மனுசி கேட்டவ, உங்கட புருசனுக்கு ஏதும் சுகமில்லையோ எண்டு. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

பங்குனி பிறந்ததும் கழகத்தில் ஒரே பேச்சு: முதல் ஆட்டத்தில் கோலுக்குள் யார்? முதலாம் வருடப் பிள்ளையை எடுத்த எடுப்பிலேயே இறக்குவதா, அல்லது ஒரு வருடம் மூன்றாவது அணியில் விளையாட விட்டு, பிறகு எடுப்பதா? மற்ற இடம் என்றால் பிரச்சினை இல்லை. முன்வரிசையில் நிற்பவன் பிழை விட்டால் பந்து வெளியே போகும், அவ்வளவுதான். கோலி பிழை விட்டால் அது கோல். அத்தனை பேருடைய கண்ணும் அவன் முகத்தில்தான் இருக்கும். அந்த இடத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளையை நிறுத்தலாமா என்பதுதான் கேள்வி.

கோச் ஸ்கொட்லாந்துக்காரர். வாரநாளில் வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் பூட்டுபவர். அவருடைய ஆங்கிலத்தில் பாதி எனக்கு விளங்காது. விளங்கிய பாதியை எங்கள் தமிழிலேயே தருகிறேன்.

"வெளியில இருத்தி வைச்சால் பெடியன் என்ன பழகுவான்? உள்ளுக்க நிண்டுதான் பழக வேணும். இவனைப் போல ஒருத்தன் எனக்கு இதுக்கு முன்னம் கிடைக்கேல்லை," என்றார் உடுப்பு மாற்றும் அறையில். என்னை வைத்துக்கொண்டுதான் சொன்னார். அதில் கள்ளம் எதுவும் இல்லை. அடுத்த வரியே, "நீ என்ன சொல்லுறாய்? உனக்குத்தானே கோலைப்பற்றித் தெரியும்," என்றார்.

இதற்குள் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். பயிற்சி ஆட்டங்களில் பெடியன் பிடிக்க முடியாத பந்தையெல்லாம் பிடித்தான். ஆனால் ஒன்று தவறிக் கோலுக்குள் போய்விட்டால், தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஆட்டம் திரும்பத் தொடங்கியிருக்கும். பந்து வந்துகொண்டிருக்கும். அவன் இன்னமும் போன பந்தோடு நிற்பான். அப்படியே இரண்டாவதும் போகும். பிறகு, இரண்டையும் ஈடு செய்யவேண்டும் என்று, ஓடிவருபவனின் காலடியில் தலையைக் கொடுத்துப் பாய்வான். எனக்கு விளையாட்டில் வேறு திறமை எதுவும் பெரிதாக இருந்ததில்லை. மறக்கத் தெரியும், அவ்வளவுதான். போன பந்து போனதுதான் என்று முதுகைச் சொறிந்துகொண்டு நிற்கத் தெரியும். அது ஒருவருடைய கண்ணும் படாத ஒரு மூலை மைதானத்தில், ஒரு வருடம் முழுக்கக் கோல் வாங்கி வாங்கித்தான் வரும். அவனுக்கு அந்த ஒரு வருடம் வேண்டும்.

இதைத்தான் நான் நினைத்தேன். நினைத்த அடுத்த நிமிடமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இதைக் கண்டது என் கண்ணா, என் வயிறா? பெடியன் ஒரு வருடம் பொறுத்தால் நன்மை யாருக்கு? ஒரு வருடம் கோலுக்குள் நிற்கப்போவது யார்? நீதிபதியும் நான், வழக்குக்காரனும் நான். இரவில் நியாயமாகத் தோன்றியது, காலையில் முகம் சவரம் செய்யும்போது கண்ணாடியில் அப்பட்டமான பொறாமையாகத் தெரிந்தது. பின்னேரம் ட்ராமில் வரும்போது திரும்பவும் நியாயமாகிவிடும்.

ஆனாலும் கோச் கேட்டபோது சொல்லத்தான் பார்த்தேன். ஆய்வுகூடத்தில் என் வேலை கொங்கிறீட் கட்டிகளை இயந்திரத்துக்குள் வைத்து நசுக்குவது. எந்தக் கட்டி எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பது. ஆகவே என் தொழிலால் விளக்கினேன்.

"கொங்கிறீட்டை இண்டைக்கு ஊத்திப்போட்டு நாளைக்கு அதுக்கு மேல லொறி ஏத்தக்கூடாது. மேலால பார்க்க இறுகினமாதிரித்தான் இருக்கும். உள்ளுக்க ஈரம். கொஞ்ச நாள் ஈரச்சாக்குப் போட்டு மூடி வைக்க வேணும்."

கோச் வெடித்துச் சிரித்தார். "பெடியனுக்குச் சாக்குப் போட்டு மூடச் சொல்லுறான்!" முழு அறையும் சிரித்தது. பெடியனும் சிரித்தான். அந்த அறைக்குள் என் வாய் இத்தனை வருடமாகப் பகிடி ஒன்றுக்குத்தான் திறந்திருந்தது. அதற்குள்ளிருந்து வேறு ஏதாவது வரக்கூடும் என்று அவர்கள் எப்படி எதிர்பார்ப்பார்கள்? சிரிப்பைக் கேட்டதும் என் வாயும் தன் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. "இறக்குங்கோ, இறக்குங்கோ. என்ர மனுசிக்குச் சனிக்கிழமையில புல்லு வெட்ட ஆள் கிடைக்கும்," என்றேன். இன்னும் பெரிய சிரிப்பு.

முதல் ஆட்டத்துக்கு முந்திய ஞாயிறு, பெடியனின் வீட்டில் எங்களுக்கு மதியச் சாப்பாடு. மகன் முதல் வருடத்திலேயே தெரிவாகிவிட்டான் என்ற சந்தோஷத்துக்குத்தான் அந்தச் சாப்பாடு. தெரிவாகாமல் போன நானே பிரதம விருந்தாளி. கோழிக்கறி, கத்தரிக்காய்க் குழம்பு, சொதி, அப்பளம். சாமிப் படத்துக்கு முன்னால் அவனுடைய புதுக் கையுறைகளை வைத்துத் திருநீறு பூசியிருந்தாள் தாய்.

"அண்ணை," என்றாள், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே. "எங்களுக்கு உந்த விளையாட்டைப்பற்றி ஒண்டும் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் நல்லா விளையாடுவான் எண்டு ஒரு வார்த்தை சொன்னீங்கள் எண்டால் எனக்கு நிம்மதி."

அவள் அதை முறைக்காகக் கேட்கவில்லை. அகப்பை அந்தரத்தில் நின்றது.

"நல்லா விளையாடுவான், தங்கச்சி. அதில சந்தேகமே இல்லை," என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "ஆனா ஒரு வருசம் பொறுத்து இறங்கினால்..."

அகப்பை சட்டிக்குள் விழுந்தது. எங்கள் ஆட்களிடையே ஒரு காரியம் தொடங்குமுன் அதைப்பற்றிக் குறையாக எதுவும் சொல்லக்கூடாது. பயணம் புறப்படுகிறவனை எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்க மாட்டோம். சொன்ன வாய் பலித்துவிடும் என்ற பயம். அதிலும் அதைச் சொன்னது யார்? அந்தப் பிள்ளைக்காகத் தன் இடத்தை இழந்த ஆள்.

"ஏன் அண்ணை அப்பிடிச் சொல்லுறியள்? ஏதும் நடந்திடுமோ?"

மேசைக்குக் கீழே மனைவி என் தொடையைக் கிள்ளினாள். தகப்பன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தார். அவர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை.

"இல்லையில்லை. ஒரு வருசம் பொறுத்து இறங்கினால் எனக்கு இன்னொரு வருசம் கோழிக்கறி கிடைக்கும் எண்டு சொல்ல வந்தனான்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். தாய் மட்டும் கொஞ்சம் பிந்திச் சிரித்தாள். பெடியன் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு என்னையே பார்த்தான்.

வெளியே வந்ததும் மனைவி தொடங்கினாள். "உங்கட வாய்க்கு ஒரு பூட்டு வாங்க வேணும். நீங்கள் அந்தப் பிள்ளையைப்பற்றி நல்லதும் சொல்லக்கூடாது, கெட்டதும் சொல்லக்கூடாது. விளங்குதோ?"

"அப்ப என்ன சொல்லுறது?"

"சாப்பாடு நல்லா இருந்தது எண்டு சொல்லுங்கோ."

முதல் ஆட்டம் ஒரு மழைச் சனிக்கிழமை. கோல் வாசலில் புல் செத்து, வெறும் களிமண். பதிலாளாக நான் கோட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன், மழைக்கோட்டுக்குள் கைகளை ஒளித்துக்கொண்டு. தாயும் தகப்பனும் ஒரு குடைக்குக் கீழே மற்றப் பக்கத்தில் நின்றார்கள். அவள் சேலைக்கு மேலே தகப்பனின் கோட்டைப் போட்டிருந்தாள்.

பெடியன் தொடக்கத்தில் அழகாகவே விளையாடினான். இரண்டு தரம் பறந்தான். எதிர் அணிக்காரர்களே கைதட்டினார்கள். என் வயிற்றில் தேங்காய் துருவுபவர் மறுபடி வந்து உட்கார்ந்தார். பிறகு ஒரு பந்து எங்கள் ஆளுடைய முழங்காலில் பட்டுத் திசை மாறி உள்ளே போனது. எந்தக் கோலியாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆட்டம் திரும்பத் தொடங்கியது. நான் அவனைப் பார்த்தேன். மழையில் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி! மேல பார்!" என்று கத்தினேன். மற்றப் பக்கத்திலிருந்து தாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு தூரத்தில் நான் என்ன சொன்னேன் என்பது அவளுக்குக் கேட்டிருக்காது. நான் எழுந்து கத்தியது மட்டும் தெரிந்திருக்கும்.

இரண்டாவது போனது. மூன்றாவது அவன் கைகளுக்கு நடுவாலேயே போனது. அதன் பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அவன் கத்தவே இல்லை. அவனுக்கு முன்னால் நின்ற நான்கு பேரும் யாருடைய குரலுக்காகவோ திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எழுந்து போக வேண்டும் போல இருந்தது. பந்து ஒவ்வொன்றும் உள்ளே போகும்போது, நான் சொன்னது சரி, நான் சொன்னது சரி என்று உள்ளுக்குள் ஒருவன் குதித்தான். அவனை வாயைப் பொத்தச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. அந்த மைதானத்தில் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தவன் அவன் ஒருவன்தான்.

இடைவேளைக்குச் சற்று முன்னர் ஒருவன் தனியாகப் பந்தோடு வந்தான். பெடியன் அவன் காலடியில் தலையைக் கொடுத்துப் பாய்ந்தான். தலை தப்பியது. மணிக்கட்டு தப்பவில்லை. அந்தச் சத்தம் வாங்கு வரைக்கும் கேட்டது. எங்கள் இயந்திரத்துக்குள் கட்டி வெடிக்கும்போது முதலில் வரும் சின்னச் சத்தம் அது.

அவனைத் தாங்கிக்கொண்டு போனார்கள். கோச் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவர் முகம் வெள்ளைச் சுவர் மாதிரி இருந்தது. நான் மழைக்கோட்டைக் கழற்றிக் கோலுக்குள் போய் நின்றேன். மீதி ஆட்டத்தில் ஒரு கோலும் போகவில்லை. என் திறமை என்று எண்ணிவிடாதீர்கள். மற்ற அணிக்கு அடித்து அலுத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சி முடிந்த கையோடு அவனைப் பார்க்கப் போனேன். பின்னேரம், வெளிச்சம் இன்னும் இருந்தது. வழமைபோலப் பின்பக்கப் படியில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். கோல் வாசல் களிமண் அதன் அடியில் அப்படியே அப்பிக்கிடந்தது. பெடியன் கதிரையில் இருந்தான். கை முழங்கை வரைக்கும் மாக்கட்டில். தாய் தேத்தண்ணி தந்தாள். பிஸ்கட் தந்தாள். "வாங்கோ அண்ணை, இருங்கோ அண்ணை," என்றாள். மரியாதையில் எந்தக் குறையும் இல்லை. முன்பைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்திலிருந்து, "தம்பி, ஒருக்கா இஞ்சால வா," என்று கூப்பிட்டாள். அவன் எழுந்து போனான். நானும் தகப்பனும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பேச மாட்டார், எனக்குப் பகிடி வரவில்லை. சரி, புறப்படுவோம் என்று குசினியால் பின்வாசலுக்கு வந்தேன்.

படியில் என் சப்பாத்து ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அடியில் குமிழ்களுக்கு நடுவே இருந்த களி வழித்தெடுக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு தேக்கரண்டி.

எலுமிச்சை மரத்தடியில் ஒரு பழைய பால்மாத் தகரப் பேணிக்குள் கரி கனன்றது. பெடியனைக் கிழக்கே பார்க்க இருத்தி, தாய் மூடிய கையால் அவன் தலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கைக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். செத்தல் மிளகாய், உப்பு, காலடி மண். நாவூறு, கண்ணூறு கழிக்கும்போது எல்லாருடைய காலடி மண்ணையும் எடுக்க மாட்டார்கள். யாருடைய கண் பட்டது என்று சந்தேகமோ, அவருடையதை மட்டும் எடுப்பார்கள்.

அவள் கையிலிருந்ததைப் பேணிக்குள் போட்டாள். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

மிளகாய் எரிந்தால் கமற வேண்டும். எல்லோரும் இரும வேண்டும். கமறாவிட்டால் கண்ணூறு இருந்தது என்று அர்த்தம். நான் மூக்கை விரித்து இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் ஆழமாக இழுத்தேன். புகை வந்தது, கமறல் வரவில்லை. நாற்பத்திரண்டு வயது மனிதன், ஒரு குசினிக் கதவுக்குப் பின்னால், காலுறையோடு நின்று, எப்படியாவது ஒரு இருமல் வந்துவிடாதா என்று நெஞ்சைக் குலுக்கிப் பார்த்தேன். கடைசியில் நானாகவே ஒன்றைச் செய்து இருமினேன். நாடகத்தில்கூட அப்படி ஒரு இருமலை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

"என்ன அண்ணை, தடிமனோ?" என்று உள்ளேயிருந்து தகப்பன் கேட்டார். அன்று முழுக்க அவர் பேசிய வார்த்தை அதுதான்.

"ஓம். மழையில நிண்டது."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்காக நானே வாதாடினேன். காற்று மற்றப் பக்கம் அடித்தது. வெட்டவெளி, புகை மேலே போய்விட்டது. மிளகாயோ இத்தாலியன் கடையில் வாங்கியது. தக்காளிச் சாற்றுக்குள் போட்டு ஊறுகிற மிளகாய்க்குக் கமறத் தெரியுமா? எல்லாம் நல்ல வாதங்கள். ஆனால் அந்தப் பிள்ளையை அந்தக் கோடை முழுக்க நான் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். பெற்ற தாய்கூட அவனை அப்படிக் கவனித்திருக்க மாட்டாள். அவன் எங்கே தவறுவான் என்று நான் தேடித் தேடிக் கண்டுபிடித்தேன். அவன் அங்கேயே தவறினான். கண் என்பது இது இல்லையென்றால் வேறு எது என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

மனைவியிடம் சொன்னேன். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "நான்தான் சொன்னனே. வாயைத் திறந்தபடியால் கண்ணூறு எண்டு நினைக்கினம்."

"திறக்காமல் இருந்திருந்தா?"

"வயித்தெரிச்சல் எண்டு நினைச்சிருப்பினம்." பானையை நிமிர்த்தினாள். "சப்பாத்தைக் கழுவிப்போட்டு உள்ளுக்க வாங்கோ."

மாக்கட்டு வெட்டுவதற்கு முன்னர் ஒருநாள் பெடியனை ட்ராமில் கண்டேன். நின்றுகொண்டு வந்தவன் என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மாக்கட்டில் யாரோ பேனாவால் ஏதேதோ எழுதியிருந்தார்கள். இனிக் கோலுக்கு வரப்போவதில்லை என்று கோச்சிடம் சொல்லிவிட்டானாம். கை சரியாகிவிடும் என்று டொக்டர் சொன்னாராம். "கையால இல்லை, அங்கிள்," என்றான். "கண்ணை மூடினா அந்த முதல் கோல் வருது. எல்லா நாளும் வருது."

மறந்துவிடலாம், பழகிவிடும் என்று சொல்ல வாய் எடுத்தேன். எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

"அண்டைக்கு எங்கட வீட்டில ஒண்டு சொல்ல வந்தனீங்கள்," என்றான். "கோழிக்கறி இல்லை. அதுக்கு முதல்."

"ஓம்."

"ஒரு வருசம் பொறு எண்டுதானே?"

"ஓம்."

யன்னலுக்கு வெளியே பார்த்தான். "சொல்லியிருந்தாலும் நான் விளையாடியிருப்பன்."

"தெரியும்."

"ஆனா சொல்லியிருக்கலாம், அங்கிள்."

எனக்கு ஒரு பகிடி வந்தது. நல்ல பகிடி. அதை இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. அவனுடைய தரிப்பிடம் வந்தது. ஒரு கையில் புத்தகப் பை, மற்றது மாக்கட்டு. மேலே ட்ராமை நிறுத்தும் மணிக் கயிறு இருந்தது. எழுந்து நான் இழுத்தேன். மணி அடித்தது. இறங்கிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. கோபத்தால் இல்லை என்றே நினைக்கிறேன். வாகனங்கள் வந்துகொண்டிருந்தன, தெருவைக் கடக்க வேண்டும்.

அந்தப் பருவம் முழுக்க நான்தான் கோலுக்குள் நின்றேன். இரண்டாவது அணிக்கு எடுக்கக்கூடிய இன்னொரு கோலி இருக்கவில்லை. ஆகவே யாரும் என்னை நீக்க முடியாது. கோச் அந்த ஆட்டத்தைப்பற்றி அதன் பிறகு கதைக்கவில்லை. என்னோடு பகிடி விடுவதையும் குறைத்துக்கொண்டார். ஒரு சனிக்கிழமை எங்கள் அணி நன்றாக விளையாடியது. பந்து முழு நேரமும் மற்றப் பக்கத்திலேயே கிடந்தது. எனக்கு முன்னால் நின்ற நான்கு பேரும் ஒருதரம் திரும்பி, நான் ஏதாவது சொல்லப் போகிறேனா என்று பார்த்தார்கள். கையைக் காட்டினேன், ஒன்றும் இல்லை, நீங்கள் விளையாடுங்கள் என்று.